மலைமேல் ஒரு சத்ரப்

பூபதி சாருக்கு ‘சத்ரப்’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். மலைமேல் இருக்கிற ஆபீஸ்காரர்கள் ஆளாளுக்குத் தாங்கள் வைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதை நம்ப வேண்டாம். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். இப்போது நினைத்தால் ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் வைத்தது வைத்ததுதான். இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவளாக வேண்டியதில்லை.

என் பெயர் பிரிசில்லா. ராசிபுரத்துக்காரி. கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாகச் சரித்திரம் நடத்துகிறேன். கோபக்காரி என்று பிள்ளைகள் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ். கீழே எல்லோரும் வி.ஏ.ஓ. என்பார்கள். மலையில் இன்னும் மணியக்காரர்தான். எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. பைல் நாடு, எடப்புளி நாடு என்று மலைமேல் நாடுகள் பல இருக்கின்றன. நாடு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பத்துப் பதினைந்து குடியிருப்புகள் சேர்ந்தால் அது ஒரு நாடு. எங்களுடையதும் அப்படி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூபதி சார் முள்ளுக்குறிச்சிக்காரர். மலை அடிவாரம். அண்ணன் தம்பி நாலு பேருக்குச் சொந்தக் காடு, மரவள்ளி, கடலை. கடைசிப் பிள்ளையான இவர் மட்டும் பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்கு வந்துவிட்டார். ஒரு வருஷம் மலையில் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று அனுப்பினார்கள். ஒன்பது வருஷம் ஆயிற்று. இவர் இடத்துக்கு வருவதற்கு யாரும் தயாராக இல்லை, இவருக்காகப் பேசுவதற்கும் யாரும் இல்லை. மனைவி கிருஷ்ணகுமாரி ராசிபுரத்தில் மகனோடு இருக்கிறார். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை, அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை இறங்கிப் போய்விட்டு, இரண்டாம் நாளே ஏறி வந்துவிடுவார்.

“கீழ போனா விருந்தாளிங்க டீச்சரம்மா. மேல இருந்தா அதிகாரி. மனுசனா எங்க இருக்கறதுன்னு தெரியலீங்க” என்று ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

ஆபீஸுக்குப் பின்னால் இருந்த அறையில்தான் குடியிருப்பு. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டை. கிராம உதவியாளர் ராசப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் போனதுதான், மறுநாள் காலையில்தான் கண்ணில் படுவார். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் எதிரே போய் உட்காருவேன். இவர் தன் கையாலேயே டீ போட்டுத் தருவார். ஊர்க்கதை பேசுவோம். ஏதாவது சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, கணவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். என் வாடகை அறையில் என்னோடு பேசுவதற்குச் சுவர்க் காலண்டர்தான் இருந்தது.

அப்படி ஒரு நாள், அது தேர்தல் சமயம், பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஏனுங்க டீச்சரம்மா, இந்த ‘மாநில சத்ரப்கள்’னா யாருங்க? கட்சிக்காரங்களத்தான் எழுதியிருக்கறான், ஆனா வார்த்தை புரியலீங்க.”

சரித்திர டீச்சரிடம் கேட்கலாமா இதை? பிடித்துக்கொண்டேன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாரசீகத்தில் இருந்த வார்த்தை சார் இது, என்று ஆரம்பித்தேன். பெரிய சாம்ராஜ்யம். ராஜா ஒருத்தரே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. இருபது துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒருத்தரை அனுப்பினார்கள். அவர்தான் சத்ரப். அவர்கள் பாஷையில் நாட்டைக் காக்கிறவன் என்று அர்த்தம். வரி வசூல் அவர், வழக்கு விசாரணை அவர், கலகம் வந்தால் அடக்குவதும் அவர். ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்க்க ராஜா அவ்வப்போது ஆள் அனுப்புவார். கிரேக்கர்கள் அந்த வார்த்தையைத் தங்கள் பாஷைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நம் ஊரிலும் உஜ்ஜயினிப் பக்கம் சகர்கள் அதே பட்டத்தோடு ஆண்டிருக்கிறார்கள், ஆறாம் வகுப்பில் நான் நடத்துகிறேனே. போகப் போக அர்த்தம் கெட்டுப்போயிற்று. காக்கிறவன் என்பது போய், மேலே ஒருத்தன் பெயரைச் சொல்லிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஆட்டிப் படைக்கிறவன் என்று ஆகிவிட்டது. பத்திரிகைக்காரன் எழுதுவது அந்த அர்த்தத்தில்தான். மாநிலத்தையே கைக்குள் வைத்திருக்கிற கட்சிப் பெரும்புள்ளிகளை அப்படிச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, “அந்த ஆளுக்கு அங்க பேச்சுத்துணைக்கு யாராச்சும் இருந்தாங்களாங்க?” என்றார்.

இப்படி ஒரு கேள்வியை என் பதினாறு வருஷ வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. “அதையெல்லாம் யார் சார் எழுதி வெச்சிருக்காங்க?” என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதற்காக, “நீங்களும் ஒரு சத்ரப்தான் போங்க. பெயரே பூபதி. கலெக்டர் ஆபீஸ் உங்களை மலைமேல் ஏத்திவிட்டுட்டு மறந்தே போச்சு” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளே அது கால்நடை மருந்தகம், ரேஷன் கடை வரைக்கும் பரவிவிட்டது. அவரும் கோபப்படவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். கூப்பிடுகிறார்களே என்பதுதான் அவருக்கு முக்கியம் என்று இப்போது தெரிகிறது.

முன்பெல்லாம் அந்த ஆபீஸ் வாசலில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். சிட்டா, அடங்கல், வருமானச் சான்று, சாதிச் சான்று எதுவானாலும் மணியக்காரர் கையெழுத்துத்தான் முதலில். வந்தவர்கள் காகிதத்தை நீட்டிவிட்டுச் சும்மா போகமாட்டார்கள். மிளகுக் கொடி வாடியது, கரடி பலா மரத்தில் ஏறியது, யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தது. மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் இவர் லேப்டாப்பில் வந்து விழும். இவர் பார்த்துச் சரி என்று அழுத்தினால் மேலே போகும். சான்றிதழ் வந்ததும் போனுக்குச் செய்தி வரும். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஒரு கையெழுத்துக்காக ஆறு தடவை நடந்த ஜனங்கள் அவர்கள். ஆனால் பூபதி சார் வாசல் காலியாகிவிட்டது. நான் போகிற நாலு மணி வரைக்கும் அந்த மனிதர் வாயைத் திறப்பதற்கே வேலை இல்லை.

ஒரு தடவை ஒரு மனுவில் உண்மையாகவே குழப்பம். ‘மனுதாரர் அசல் ஆவணங்களுடன் நேரில் வரவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த ஆள் வந்தார், டீ குடித்தார், சாமை விதைப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினார், போனார். அன்றைக்குச் சாயங்காலம் பூபதி சார் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு மனு திரும்பிப் போயிற்று. அதற்கடுத்து மூன்று. பிறகு அதுவே நடைமுறையாகிவிட்டது. எல்லாக் காகிதமும் பக்காவாக இருந்தாலும் நேரில் வரவும்.

ஜனங்கள் முதலில் காசுக்காகத்தான் இழுக்கிறார் என்று நினைத்தார்கள். ஒருத்தர் மடியை அவிழ்த்தபோது எழுந்து நின்று சத்தம் போட்டிருக்கிறார். காசும் வாங்கமாட்டார், கடுமையாகவும் பேசமாட்டார், ஆனால் வரச் சொல்லுவார். என்ன வகை மனுஷன் என்று யாருக்கும் புரியவில்லை. நான் கேட்டேன். “மொகத்தப் பாக்காம எப்பிடிங்க டீச்சரம்மா கையெழுத்துப் போடறது?” என்றார். அது கடமை உணர்வில் சொன்னது இல்லை என்று எனக்கு இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. உலகத்தில் இருக்கிற எல்லோரையும் திட்டுகிறவள், அவரை மட்டும் திட்டவில்லை. சிரித்துவிட்டு டீயை வாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் எதற்காக அப்படிச் செய்கிறார் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? எட்டு கிலோமீட்டர் நடக்கிறவர்களின் கால் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் தப்பும் இதில் இருக்கிறது.

நாகலட்சுமி என் மாணவி. அப்பா இல்லை. அப்பா இருந்தவரை குடும்பமே கர்நாடகத்தில் காபி எஸ்டேட்டில் கிடந்தது. அவர் அங்கேயே காய்ச்சலில் போன பிறகு அம்மா நஞ்சம்மாள் பெண்ணை இழுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்தாள். வீட்டில் இரண்டே பேர். இந்தப் பெண் பத்தாவதில் எங்களிடம் சேர்ந்து, பன்னிரண்டில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினாள். நர்ஸிங் படிப்புக்குக் கலந்தாய்வில் பழங்குடியினர் இடம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. ஆனால் அவள் பெயரில் சாதிச் சான்றிதழ் இல்லை. எஸ்டேட்டில் இருந்ததால் எடுக்கவே இல்லை. எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்களும் மூன்று வருஷம் விட்டுவிட்டோம்.

பன்னிரண்டு நாளில் சான்றிதழைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பூபதி சார் கையிலிருந்து கிளம்பினால் ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ. என்று மேலே போய்வர எட்டு நாள் பிடிக்கும். அதாவது இவருக்கு நாலு நாள் இருந்தது. திங்கட்கிழமை மனுப் போட்டோம். அன்றைக்கு நாலு மணிக்கு நானே சொன்னேன்: “சார், இது என் பொண்ணு மாதிரி. அவசரம்.”

“உங்க பொண்ணுன்னா எனக்கும் பொண்ணுதானுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க, பாத்துடலாம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவும் பெண்ணும் விடியற்காலையிலேயே கிளம்பி, ஓடையைத் தாண்டி நடந்து வந்தார்கள். நாகலட்சுமி அப்பாவின் பழைய சாதிச் சான்று, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, எல்லாம் ஒரு துணிப்பையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தேவை இல்லை. அன்று முழுக்க மலைமேல் வேறு யாரும் ஆபீஸுக்கு வரவில்லை போலிருக்கிறது. நஞ்சம்மாள் நன்றாகப் பேசக்கூடியவள். எஸ்டேட் கதையெல்லாம் சொன்னாளாம். காபிச் செடிக்கு நடுவில் யானை வந்த கதையை அந்தப் பெண்ணும் சேர்ந்து சொல்ல, மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூட ஜன்னலில் இருந்தே சத்தத்தைக் கேட்டேன். கிளம்பும்போது பூபதி சார், “பாட்டனார் பேருல இருக்கற பழைய பட்டா ஒண்ணு இருக்குமுங்களே, அதையும் வியாழக்கெழமை கொண்டாந்துடுங்கம்மா” என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை நாலாம் நாள். கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டும் என்று.

புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. ஒரு மணி நேரத்தில் ஓடை நிரம்பிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து, பஸ் நின்றுபோயிற்று. சாயங்காலம் கரண்ட் போனது, அதோடு டவரும் போனது. வியாழக்கிழமை நான் நனைந்துகொண்டே ஆபீஸுக்குப் போனேன். பூபதி சார் வாசலிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரலீங்க” என்றார்.

“எப்படி சார் வருவாங்க? ஓடையில கழுத்துமட்டும் தண்ணி ஓடுது. நீங்க அனுப்பிவிட்டீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். லேப்டாப் மேஜைமேல் மூடிக் கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “அந்தப் பட்டா எதுக்கு சார்? எந்த ரூல்ல இருக்கு?” என்று கேட்டேன். அவர் மறுபடி ரோட்டைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொன்னேன்: “நான் விளையாட்டுக்கு வெச்ச பேரு சார் அது. இன்னைக்குத்தான் நீங்க அதுக்குப் பொருத்தமா ஆயிட்டீங்க. பேப்பர்காரன் எழுதற அர்த்தத்துல.”

அடிபட்ட மனிதர் மாதிரி நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. சனிக்கிழமை காலையில் லேப்டாப்பை உரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பூபதி சார் மலை ரோட்டில் இறங்கி நடந்தார். சிக்னல் கிடைக்கிற வளைவு வரை போகலாம் என்று கிளம்பியவர், ஒவ்வொரு வளைவாக இறங்கி, மண் சரிந்த இடத்தில் தவழ்ந்து தாண்டி, கிட்டத்தட்ட அடிவாரம் வரைக்கும் போய்விட்டார். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அனுப்பினார். பட்டா இல்லாமலேதான். ஐம்பத்தேழு வயசு மனிதர். முழங்காலில் ரத்தத்தோடு அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமும் தீரவில்லை. அவரைப் பார்க்கப் போகாமல் இருந்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் சான்றிதழ் வந்தது. மூன்று நாள் முன்னால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டிருந்தது. நான் போன் போட்டுக் கெஞ்சாத ஆள் இல்லை. தேதி தேதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அந்த வரிசையிலும் யாரோ ஓர் ஏழைப் பெண்தானே நின்றிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூபதி சார் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் பிரிண்ட் எடுத்த சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள். “அவங்க ஊட்டுக்குப் போயிக் குடுக்கோணுமுங்க. தனியாப் போக தைரியமில்லீங்க” என்றார். வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி, வழுக்குப் பாறையில் காலை ஊன்றி, ஓடையைத் தாண்டும்போதுதான், இந்த வழியில்தானே விடியற்காலையில் வந்தார்கள் என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஓடு போட்ட சின்ன வீடு. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்களில் மிளகு படர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் நஞ்சம்மாள் பதறிப்போய்ப் பாயை விரித்தாள். “எங்கூட்டுக்கு மணியக்காரரு வந்திருக்கறாருங்களே” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். சாமைச் சோறும் புளிச்சாறும் போட்டார்கள். வேண்டாம் என்றால் விடவில்லை. ஒன்பது வருஷத்தில் மலையில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் நஞ்சம்மாள். “மழ வந்து கெடுத்துப்போடுச்சுங்க சாமி. எங்க நேரம். நீங்க எங்களுக்காவ மல எறங்கிப் போனீங்களாமா, கால்ல காயமாமா, ராசப்பன் சொன்னாரு. யாருங்க செய்வாங்க இப்பிடி?”

அங்கேயே முடிந்திருக்கலாம். மழை மேல் பழி போட்டுவிட்டு, நல்ல மனிதர் என்ற பெயரோடு, வயிறார உண்டு எழுந்து வந்திருக்கலாம். நான்கூட அப்படித்தான் எதிர்பார்த்தேன். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பூபதி சார் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

“மழையில்லீங்கம்மா. அந்தப் பட்டா தேவையே இல்லீங்க. செவ்வாக்கெழமையே நான் அனுப்பியிருக்கலாம். நீங்க வந்தன்னிக்கே.”

நஞ்சம்மாளுக்குப் புரியவில்லை. “தேவையில்லீங்களா? அப்பறம் எதுக்குங்க சாமி கொண்டாரச் சொன்னீங்க?”

“மறுக்கா வருவீங்கன்னுதானுங்க. வந்தீங்கன்னா கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாமுன்னு.”

நாகலட்சுமி அவரையே பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நஞ்சம்மாளாவது இவரை நாலு வார்த்தை கேட்கட்டும், கேட்டால் இவருக்கும் கொஞ்சம் ஆறும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் பாயின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள்.

“பேசோணுமுன்னு சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பமுங்களே” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வருகிற வழியில் பூபதி சார் மூன்று இடத்தில் நின்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நான் முன்னால் நடந்துகொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் அவர் மேஜையில் ஒரு மனுவும் ஒரு பொழுது தங்கியதில்லை. வந்த அன்றே பார்த்து அன்றே மேலே அனுப்பிவிடுவார். யாரையும் வரச் சொல்வதில்லை. ‘எங்க சத்ரப் மாதிரி வேகம் யாருக்கு வரும்’ என்று ரேஷன் கடைக்காரர் சொன்னபோது, இனிமேல் அந்தப் பெயரை என் காதில் விழும்படி சொன்னால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டேன். நாகலட்சுமியிடம், அடுத்த வருஷம் மறுபடி மனுப் போடலாம், சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே என்று நான் பேசிப் பார்த்தேன். சரிங்க டீச்சர் என்றாள். அதுவரைக்கும் வீட்டில் சும்மா இருக்க முடியாது என்று திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குக் கிளம்பிவிட்டாள். தங்கி வேலை செய்ய வேண்டும். பஸ் ஏறும்போது நான் போயிருந்தேன். எதிரே ஆபீஸ் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை. கோபம் தணிந்து நான் மறுபடி டீக்குப் போக ஆரம்பித்திருந்தேன். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை; டம்ளரைப் பிடித்துக்கொண்டு மூடுபனியைப் பார்ப்போம். அப்போது நஞ்சம்மாள் படியேறி வந்தாள். கையில் பையும் இல்லை, காகிதமும் இல்லை. பூபதி சார் விருட்டென்று எழுந்துவிட்டார். மேஜையைத் திறந்தார், மூடினார், லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

“என்ன மனுங்கம்மா? சொல்லுங்க, இப்பவே அனுப்பிடறேன்.”

“மனு ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

அவர் டீ வைத்துக் கொடுத்தார். பாதி தட்டில் சிந்தியது. அவள் மெல்லக் குடித்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், போகவில்லை. ஒன்பது வருஷமாக அந்த மனிதர் ஆசைப்பட்டது இதுதான். ஒருத்தர், கையில் ஒரு வேலையும் இல்லாமல், தன்னைப் பார்க்க மட்டும் வர வேண்டும். வந்தாயிற்று. ஒரு வார்த்தை வரவில்லை அவருக்கு. மழையா என்றுகூடக் கேட்க முடியவில்லை. மேஜை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நஞ்சம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அப்படி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“பேசுங்க சாமி. புள்ள மில்லுக்குப் போயிட்டா. போனுகூட ஞாயித்துக்கெழமதான் பேச உடறாங்களாமா. ஊட்டுல இப்ப எனக்கும் பேச ஆளில்லீங்க, அதானுங்க வந்தேன்.”